வீட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் பதிவு: எந்தப் பிளகின், எதற்காக?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில் இசை மென்பொருள் நிறுவனங்கள் தள்ளுபடி விற்பனையை அறிவித்ததும், வீட்டில் கிட்டார் பதிவுசெய்பவர்களிடம் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. சில நூறு டாலர் விலை குறித்த கம்ப்ரஸர் முப்பது டாலருக்கு வருகிறது, இன்னொன்று இலவசம், மூன்றாவது, செயற்கை நுண்ணறிவால் எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடும் என்கிறது. விளம்பரங்கள் 'இதமான ஒலி', 'ஸ்டுடியோ தரம்' என்று பேசுகின்றனவே தவிர, பதிவில் உள்ள எந்தக் குறைக்கு எந்தக் கருவி மருந்து என்று சொல்வதில்லை. இக்கட்டுரை முதலில் குறையையும் பிறகு கருவியையும் பார்க்கிறது. அப்படிப் பார்த்தால், அக்கூஸ்டிக் கிட்டாருக்குத் தேவைப்படும் பிளகின் வகைகள் நான்கைந்துக்கு மேல் போகாது என்பதும், அவற்றில் பெரும்பாலானவை பதிவு மென்பொருளுடனேயே வந்துவிடுகின்றன என்பதும் தெரியவரும்.

## பிளகின் என்பது என்ன

ரீப்பர், க்யூபேஸ், லாஜிக், கராஜ்பேண்ட், ப்ரோ டூல்ஸ் போன்ற பதிவு மென்பொருள்களுக்குள் பொருந்தி இயங்கும் சிறு நிரலே பிளகின். ஒரு டிராக்கின் மீது, அதாவது ஒரு கருவிக்கோ குரலுக்கோ உரிய பதிவுத் தடத்தின் மீது, அதைப் பொருத்தினால், அந்த டிராக்கின் ஒலி அதன் கணக்கீட்டைக் கடந்து வெளியே வருகிறது. வட்டில் சேமித்த அசல் பதிவு மாறுவதில்லை. பிளகினை நீக்கினால் பழைய ஒலி அப்படியே திரும்பும்.

வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டிய முதல் விஷயம் வடிவம். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் அறிமுகப்படுத்திய விஎஸ்டி, பின்னர் 2008-இல் வந்த விஎஸ்டி3 ஆகியவை விண்டோஸ் கணினிகளில் பரவலானவை. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆப்பிளின் ஏயூ வடிவத்தை மட்டுமே ஏற்கும். ப்ரோ டூல்ஸ் ஏஏஎக்ஸ் வடிவத்தை மட்டுமே ஏற்கும். ரீப்பர் ஏஏஎக்ஸ் தவிர மற்றவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆடாசிட்டியில் 3.2 பதிப்பு முதல், அதாவது 2022 முதல், விஎஸ்டி3 பிளகின்களைப் பாடல் ஓடும்போதே கேட்டுச் சரிசெய்ய முடிகிறது.

## கிட்டாரின் ஒலி எங்கெங்கே இருக்கிறது

ஒலியின் வெவ்வேறு அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவின் திரையில் தெரியும் எண்களுக்குக் கிட்டாரில் என்ன பொருள் என்று தெரியாமல் எந்தப் பிளகினையும் மதிப்பிட முடியாது. வழக்கமான சுருதியில் கட்டிய ஸ்டீல் கம்பிக் கிட்டாருக்கு ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்:

1. 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை: ஆறாம் கம்பியின் ஸ்வரம் 82.4 ஹெர்ட்ஸ், ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். ட்ரெட்நாட் வகைக் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. ஒலித்துளைக்கு நேராக மைக்கை வைத்தால் 'பூம்' என்று முழங்குவது இதனால்தான்.

2. 180 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை: மேற்பலகையின் முதன்மையான ஒத்ததிர்வு பெரும்பாலும் இந்தப் பகுதியில் அமைகிறது. கிட்டாரின் உடம்பு, அதாவது ஒலியின் கனம், இங்கேதான் இருக்கிறது. மிகையானால் ஒலி மந்தமாகிவிடும்.

3. 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை: அட்டைப் பெட்டிக்குள் வாசித்ததுபோன்ற உணர்வைத் தருவது இப்பகுதி. சிறிய அறைகளில் பதிவானவற்றில் அடிக்கடி மிஞ்சி நிற்கும்.

4. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை: பிக் கம்பியைத் தொடும் ஓசை, தெளிவு, விரல் நகரும்போது எழும் கீச்சொலி எல்லாம் ஒரே இடத்தில் கலந்திருக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும் என்பதே இப்பகுதியின் சிக்கல்.

5. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல்: கம்பியின் மினுமினுப்பு. கம்பி பழையதாக இருந்தால் இங்கே எதுவும் இருக்காது. இல்லாததை ஈக்யூவால் உயர்த்தினால் இரைச்சல் மட்டுமே உயரும்.

## பிளகினுக்கு முன்பே முடிவாகிவிடுபவை

நம் ஊர் வீடுகளில் பதிவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி படுக்கையறை: சிமெண்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை, பத்தடி உயரக் கூரை. இந்த அறையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் பலர் பிளகின் வாங்கித் தீர்க்க முயலும் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

இணையான இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் மோதி நிலை அலைகளை உண்டாக்குகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர், 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர், ஆகவே முதல் நிலை அலை 57 ஹெர்ட்ஸிலும் இரண்டாவது 114 ஹெர்ட்ஸிலும் அமையும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசைகளின் நிலை அலைகளும் ஒரே எண்ணில் வந்து குவியும். ஐந்தாம் கம்பியின் ஏ ஸ்வரம் 110 ஹெர்ட்ஸ். அதன் முதல் ஃப்ரெட்டில் வரும் ஏ ஷார்ப் 116.5 ஹெர்ட்ஸ். அறை முழங்கும் எண் இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. அந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பருத்துக் கேட்டால், கிட்டாரையோ மைக்கையோ குறை சொல்வதற்கு முன் அறையை அளந்து பார்க்கவேண்டும்.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. 114 ஹெர்ட்ஸ் நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்திலும் அறையின் நட்டநடுவிலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து விலகவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நாற்காலியை அறையின் மையத்தில் போடுபவர் அந்த உச்சத்தில்தான் மைக்கை நிறுத்துகிறார். நடுவிலிருந்து ஓரிரு அடி நகர்ந்து, எந்தச் சுவருக்கும் சம தூரத்தில் இல்லாதபடி உட்கார்ந்தால் முழக்கம் கணிசமாகத் தணியும். இதற்குச் செலவு எதுவுமில்லை. மெத்தை, போர்வை, துணி நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை மேல் அதிர்வெண்களின் எதிரொலியை உறிஞ்சுமே தவிர, 114 ஹெர்ட்ஸ் அளவிலான முழக்கத்தை அவை பெரிதாகத் தொடுவதில்லை.

மைக்கின் இடமும் அதே அளவு முக்கியம். ஒரே மைக் என்றால், கழுத்து உடலுடன் சேரும் இடத்தை, அதாவது 12-ஆம் அல்லது 14-ஆம் ஃப்ரெட்டை நோக்கி, 20 முதல் 30 செண்டிமீட்டர் தள்ளி வைப்பது நல்ல தொடக்கம். திசை சார்ந்த கார்டியாய்டு மைக்கை மிக நெருக்கினால் கீழ் அதிர்வெண்கள் தாமாகவே உயரும். தள்ளி வைத்தால் அறை உள்ளே வரும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சில அங்குலங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது, எந்த ஈக்யூவும் தராத திருத்தத்தைத் தரும்.

மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான். ஆனாலும் மைக்கில் மோதும் காற்றையும், வாசிப்புடன் கலந்துவிட்ட விசிறியின் இரைச்சலையும் பின்னர் பிரித்தெடுப்பது அதைவிடக் கொடுமை. பதிவின் அளவைப் பொறுத்தவரை, 24 பிட்டில் பதிவுசெய்து, உச்சங்கள் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வைத்தால் போதும். சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்றவேண்டிய அவசியம் 24 பிட்டில் இல்லை.

## மைக்கா, பிக்கப்பா?

பிளகின் தேர்வில் முதல் கிளை இங்கே பிரிகிறது. செமி-அக்கூஸ்டிக் என்று நம் கடைகளில் சொல்லப்படும், பிக்கப் பொருத்திய கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கணினியுடன் இணைக்கும் பெட்டி) செருகிப் பதிவுசெய்பவருக்கு அறைச் சிக்கல் இல்லை. ஆனால் கம்பிகள் உடலின் மீது அமரும் சேடிலுக்குக் கீழே இருக்கும் பியெஸோ பிக்கப் கம்பியின் அழுத்தத்தை மட்டுமே உணர்வதால், கிட்டாரின் உடலும் காற்றும் அதில் போதிய அளவு இருப்பதில்லை. ஓங்கி அடிக்கும்போது எழும் வாத்துக் குரல் போன்ற பிளாஸ்டிக் ஓசை இதன் அடையாளம்.

இதற்கு ஈக்யூ பாதி மருந்துதான். 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை சற்றுக் குறைத்தால் கரகரப்பு தணியும், ஆனால் உடல் வந்து சேராது. இங்கே உதவுவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் எனப்படும் கோப்பு. நல்ல மைக்கில் பதிவான கிட்டாருக்கும் பிக்கப்பில் பதிவான கிட்டாருக்கும் இடையிலான ஒலி வேறுபாட்டைப் படியெடுத்து வைத்திருக்கும் இக்கோப்பை ஒரு கன்வல்யூஷன் பிளகினில் ஏற்றினால், பிக்கப் ஒலியின் மீது அந்த வேறுபாடு ஏற்றப்படுகிறது. ரீப்பருடன் வரும் ரியாவெர்ப் பிளகினே இதைச் செய்யும். முழு அளவில் பயன்படுத்தாமல் அசல் ஒலியுடன் பாதிக்குப் பாதி கலப்பது பெரும்பாலும் இயல்பாக இருக்கும். பிக்கப் பாஸிவ் வகையாக இருந்தால் இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ரூமென்ட் உள்ளீட்டில் செருகவேண்டும். லைன் உள்ளீட்டில் செருகி இழந்த ஒலியை எந்தக் கோப்பும் மீட்காது.

மைக்கில் பதிவுசெய்பவருக்கு இந்த வகைப் பிளகின் தேவையே இல்லை.

## தேவைப்படும் வகைகள்

### ஈக்யூ

முதலில் வேண்டியது சாதாரண ஈக்யூ. அது எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ரீப்பரின் ரியாஈக்யூவோ லாஜிக்கின் சேனல் ஈக்யூவோ, 300 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைக்கும்போது விலையுயர்ந்த பிளகின் செய்யும் அதே கணக்கைத்தான் செய்கின்றன. பணம் கொடுத்து வாங்கும் ஈக்யூ தருவது பெரும்பாலும் வசதி: பெரிய திரை, ஒரு பகுதியை மட்டும் தனித்துக் கேட்கும் பொத்தான், நல்ல வரைபடம். வரைபடம் மட்டும் வேண்டுமென்றால் வாக்ஸெங்கோவின் ஸ்பான் இலவசம்.

தனிக் கிட்டாருக்கும் துணைக் கிட்டாருக்கும் ஈக்யூ முற்றிலும் வேறு. தனியாக ஒலிக்கும் வாசிப்பில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டினால் போதும். பாட்டுக்குப் பின்னால், பேஸ் கிட்டாரும் தபலாவும் இருக்கும் மிக்ஸில், அதாவது எல்லா டிராக்குகளும் கலந்த ஒலியில், 120 அல்லது 150 ஹெர்ட்ஸ் வரைகூட வெட்டலாம். தனித்துக் கேட்டால் சன்னமாகத் தோன்றும் அந்த ஒலி மிக்ஸில் சரியாக உட்காரும்.

### டைனமிக் ஈக்யூ

மேலே சொன்ன 114 ஹெர்ட்ஸ் முழக்கத்தைச் சாதாரண ஈக்யூவால் வெட்டினால், அந்த ஸ்வரம் மெதுவாக வாசிக்கப்படும் இடத்திலும் வெட்டு விழும். கிட்டாரின் சொந்த ஒத்ததிர்வும் அருகிலேயே இருப்பதால் உடம்பு மெலியும். டைனமிக் ஈக்யூ குறிப்பிட்ட பகுதி ஓர் அளவைத் தாண்டும்போது மட்டும் அதைக் குறைத்து, பிறகு விட்டுவிடுகிறது. சிறிய அறையில் பதிவுசெய்பவருக்கு, மென்பொருளுடன் வராத பிளகின்களில் முதலில் பரிந்துரைக்கத் தக்கது இதுவே. டோக்கியோ டான் லேப்ஸின் டிடிஆர் நோவா நான்கு டைனமிக் பகுதிகளுடன் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பகுதியை 114 ஹெர்ட்ஸில் குறுகலாக வைத்து, ஏ ஸ்வரம் ஓங்கி விழும்போது மட்டும் 3 அல்லது 4 டெசிபல் இறங்கும்படி அமைத்துக் கேட்டால் வேறுபாடு உடனே புரியும். இன்னொரு பகுதியை 3,000 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால், வேகமாக அடிக்கும் இடங்களில் பிக்கின் கூர்மை காதைக் குத்தாது.

### கம்ப்ரஸர்

விளம்பரங்களில் அதிக இடம் பிடிப்பது கம்ப்ரஸர்; அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அதன் தேவை அந்த அளவுக்கு இல்லை. ஒலியின் உச்சங்களை அமுக்கி, மெல்லியதற்கும் ஓங்கியதற்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பது அதன் வேலை. விற்பனைக்கு வருபவற்றில் கணிசமானவை பழைய இரண்டு கருவிகளின் நகல்கள். 1960-களின் எல்ஏ-2ஏ, ஒளியை உணரும் உறுப்பைக் கொண்டு வேலை செய்வதால் மெதுவாகப் பிடித்து மெதுவாக விடுகிறது. அதன் அட்டாக், அதாவது பிடிக்க எடுக்கும் நேரம், சராசரியாக 10 மில்லிநொடி. பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வந்த 1176, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில், 20 முதல் 800 மைக்ரோநொடிக்குள் பிடித்துவிடுகிறது. விரலால் மீட்டும் மெல்லிய வாசிப்புக்கு முதல் வகை ஒத்துவரும். இரண்டாவது வகையை ஸ்ட்ரம்மிங்கில் ஆழமாகப் பயன்படுத்தினால் பிக்கின் தொடக்க ஓசை நசுங்கி, கிட்டார் பின்வாங்கிவிடும்.

விரல் வாசிப்பில் ஒரு பொதுவான கோளாறு இப்படி நிகழ்கிறது: கட்டைவிரல் ஆறாம் கம்பியை மீட்டும்போதெல்லாம் கம்ப்ரஸர் விழித்துக்கொண்டு மொத்த ஒலியையும் அமுக்குகிறது, மேல் கம்பிகளில் ஓடும் மெட்டு அந்தத் தாளத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. விலையுயர்ந்த கம்ப்ரஸராக மாற்றிப் பயனில்லை. கம்ப்ரஸர் எதைக் கேட்டு முடிவெடுக்கிறதோ அந்த உள்வழியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினால் போதும். ரீப்பருடன் வரும் ரியாகாம்பில் இந்த வடிகட்டி இருக்கிறது. டோக்கியோ டானின் இலவசக் கோட்டல்னிகோவிலும் இருக்கிறது. கம்ப்ரஸரை ஒப்பிடும்போது முதலில் தேடவேண்டியது இந்த வசதியைத்தான். விகிதம் 2-க்கு 1 அல்லது 3-க்கு 1, குறைப்பு 2 முதல் 4 டெசிபல், அட்டாக் 20 முதல் 30 மில்லிநொடி என்ற தொடக்கம் பெரும்பாலான வாசிப்புகளுக்குப் பொருந்தும்.

### ரிவெர்ப்

போர்வைகளுக்கு நடுவே பதிவான கிட்டாருக்கு ஓர் இடம் தேவை. அதைத் தருவது ரிவெர்ப். கணக்கீட்டால் எதிரொலியை உருவாக்கும் அல்காரிதம் வகை, உண்மையான மண்டபத்தில் பதிவுசெய்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸைப் பயன்படுத்தும் கன்வல்யூஷன் வகை என இரண்டு உண்டு. இரண்டாவது வகைக்கு, பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் சார்ந்த ஓப்பன்ஏர் தொகுப்பில் பல கட்டடங்களின் கோப்புகள் கிடைக்கின்றன. இலவசம் என்பதால் பலர் முதலில் இறக்கிக்கொள்ளும் வல்ஹல்லா சூப்பர்மாஸிவ் அருமையான பிளகின்தான். ஆனால் அது மிக நீண்ட, விண்வெளித்தனமான ஒலிகளுக்காகச் செய்யப்பட்டது. சாதாரணக் கிட்டாருக்கு ஒன்றரை நொடிக்கு உட்பட்ட சிறு அறை அல்லது பிளேட் ரிவெர்ப் போதும். எந்த ரிவெர்பானாலும் அதைத் தனி டிராக்கில் வைத்து, 20 மில்லிநொடி முன்தாமதம் கொடுத்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கலங்கல் வராது. காது பழகப் பழக ரிவெர்பின் அளவு தன்னையறியாமல் ஏறிவிடுவதால், மறுநாள் காலையில் கேட்டு ஒரு படி குறைப்பது நல்ல பழக்கம்.

### இரைச்சல் நீக்கி

ஐசோடோப்பின் ஆர்எக்ஸ் தொகுப்பில் 2020 முதல் கிட்டாருக்கென்றே ஒரு நீக்கி இருக்கிறது. கம்பிக் கீச்சையும் பிக் ஓசையையும் தனித்தனியே குறைக்கும். அடிக்கடி பதிவுசெய்பவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். மாதத்துக்கு ஒரு பாட்டு என்றால், கீச்சு வரும் இடத்தை மட்டும் வெட்டி 6 டெசிபல் குறைப்பது கைவேலையாகவே முடிந்துவிடும். சீரான பின்னணி இரைச்சலுக்கு ரீப்பரின் ரியாஃபிர் போதும்: வாசிப்பு தொடங்குமுன் சில நொடி மௌனத்தைப் பதிவுசெய்து வைத்தால் அதைக்கொண்டு இரைச்சலைக் கற்றுக்கொள்ளும். மின் இரைச்சலில் மட்டும் கவனம் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் கிட்டார் வயிற்றின் ஒத்ததிர்வு இருக்கும் இடத்திலேயே விழுகிறது. அகலமாக வெட்டினால் இரைச்சலுடன் கிட்டாரின் உடம்பும் போய்விடும்.

## இரண்டு மைக் வைப்பவர்களுக்கு

இரண்டு மைக்குகளுக்கு ஒலி வந்துசேரும் நேரம் வேறுபட்டால், கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தூர வேறுபாடு 34 செண்டிமீட்டர் என்றால் நேர வேறுபாடு 1 மில்லிநொடி. முதல் அழிவு 500 ஹெர்ட்ஸில் விழும். மைக்கும் பிக்கப்பும் சேர்ந்த பதிவிலும் இதுவே நடக்கும்: 30 செண்டிமீட்டரில் இருக்கும் மைக், பிக்கப்பைவிட, நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஏறத்தாழ 42 சாம்பிள் பின்தங்கும். பிக்கப் டிராக்கை அந்த அளவு பின்னுக்குத் தள்ளிக் கேட்டு, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை ஒருமுறை மாற்றிக் கேட்டு, எதில் கீழ்ஸ்தாயி நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இதற்கென விற்கப்படும் பிளகின்கள் இவ்வேலையை விரைவாகச் செய்கின்றன, அவ்வளவே.

## வாங்குமுன் சோதிக்கும் முறை

ஒரே ஒலியை ஒரு டெசிபல் கூட்டிக் கொடுத்தாலே காது அதைச் 'சிறந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. பல பிளகின்கள் பொருத்தியவுடன் ஒலியைச் சற்று ஏற்றிவிடுவதால், 'போட்டதுமே உயிர் வந்துவிட்டது' என்ற முதல் எண்ணத்தை நம்பக்கூடாது. நேர்மையான சோதனை இப்படி அமையும்:

1. சொந்தப் பதிவில், குறை தெளிவாகக் கேட்கும் அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குறையை ஒரு வரியில் எழுதிவைக்கவும்.

2. மென்பொருளுடன் வந்த பிளகினால் முதலில் சரிசெய்ய முயலவும். முப்பது நாள் சோதனைப் பதிப்பு அதற்குப் பிறகுதான்.

3. இரண்டின் வெளியீட்டு அளவையும் ஒரு லவுட்னஸ் மீட்டரில் பார்த்துச் சமப்படுத்தவும். யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பு போதும்.

4. திரையைப் பார்க்காமல் மாற்றி மாற்றிக் கேட்கவும். முழு மிக்ஸிலும் ஒருமுறை கேட்கவும். தனித்துக் கேட்டபோது தெரிந்த வேறுபாடு மிக்ஸில் மறைந்துவிட்டால் அந்தப் பிளகின் அந்தப் பாட்டுக்குத் தேவையில்லை.

5. கணினியின் சுமையையும் தாமதத்தையும் பார்க்கவும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு) 2.7 மில்லிநொடிதான், ஆனால் லீனியர்-ஃபேஸ் ஈக்யூ 4,096 சாம்பிள் எடுத்துக்கொண்டால் 85 மில்லிநொடி. அப்படிப்பட்டதை வாசிக்கும்போது இயக்கினால் கை தடுமாறும். மிக்ஸிங்கின்போது மட்டும் இயக்கவேண்டும்.

## உரிமமும் எதிர்காலமும்

சந்தாவா, ஒரே தவணையா என்பது விலையை மட்டும் பொறுத்ததல்ல. வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் தன் பிளகின்களை இனிச் சந்தாவில் மட்டுமே தருவதாக அறிவித்து, பயனர்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே பழைய முறையையும் மீண்டும் கொண்டுவந்தது. அந்த நிகழ்வு காட்டிய நடைமுறை அபாயம், சந்தா நின்ற நாளில் பழைய பாடல்களைத் திறந்தால் அவற்றின் ஒலி மாறியிருக்கும் என்பது. ஐலாக் போன்ற உரிமக் காவல்களையும் கவனிக்கவேண்டும்: அதன் கிளவுட் முறைக்கு வேலை நேரம் முழுவதும் இணைய இணைப்பு தேவை. அடிக்கடி இணைப்பு அறுபடும் ஊரில் இருப்பவர், கணினியிலேயே உரிமத்தைப் பதியவிடும் பிளகினைத் தேர்வதே நல்லது.

60 நாள் சோதனைக் காலமும் 60 டாலர் சலுகை உரிமமும் கொண்ட ரீப்பரை, அதனுடன் வரும் பிளகின்களோடும் நோவாவோடும் வைத்துக்கொண்டால், மைக்கில் பதிவாகும் கிட்டாருக்கு வேண்டியதில் பெரும்பகுதி அடங்கிவிடும். கையில் மிச்சமிருக்கும் பணம் ஒரு நல்ல ரிவெர்புக்குப் போகலாம். அல்லது புதிய கம்பிக்கும் உறுதியான மைக் ஸ்டாண்டுக்கும் போகலாம், அதிலும் தவறில்லை. எந்தப் பிளகினைப் பயன்படுத்தினாலும், பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பிளகின் ஏற்றிய நிலையில் ஒருமுறையும் ஏற்றாத நிலையில் ஒருமுறையும் 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, பாட்டின் வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே குறித்து, வேறொரு வட்டில் சேமித்துவிடவேண்டும். உரிமம் காலாவதியானாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், கணினி மாறினாலும் அந்தக் கோப்புகளை எந்த மென்பொருளிலும் திறக்கலாம்.